பணம் ஓட்டிய கார் அல்ல

(இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு)

செல்வர் வீட்டுப் பிள்ளை ஒருவன் விளையாட்டிலே வெற்றி பெற்றுவிட்டால் நாம் உடனே என்ன சொல்கிறோம்? "அவனுக்கென்ன, காசு இருக்கிறது" என்கிறோம். பல நேரங்களில் அது உண்மையாகவும் இருந்துவிடுகிறது. ஆனால் உல்ஃப் பர்னாட்டோ என்னும் ஆங்கிலேயக் கார் பந்தய வீரர் விஷயத்தில் அந்தச் சொல் பொருந்தாது என்பது என் கட்சி. அதற்காக அவரை மாலை போட்டு வணங்கவும் நான் வரவில்லை.

அவருடைய தந்தை பார்னி பர்னாட்டோ லண்டனின் ஏழைப் பகுதியில் பிறந்து, 1873இல் தென்னாப்பிரிக்காவின் கிம்பர்லிக்குப் போய், வைரச் சுரங்கங்களால் கோடீசுவரரானவர். செசில் ரோட்சின் டி பீர்ஸ் நிறுவனம் கிம்பர்லி சுரங்கத்தின் உடைமைகளை வாங்க 1889இல் எழுதிய காசோலையின் தொகை 53 லட்சம் பவுனுக்கும் மேல்! 1897இல் கப்பலில் இங்கிலாந்து திரும்பும் வழியில் பார்னி கடலில் விழுந்து மாண்டார். மகன் உல்ஃபுக்கு அப்போது இரண்டு வயதுகூட நிரம்பவில்லை. கேம்பிரிட்ஜ் படிப்பு, முதல் உலகப் போரில் பீரங்கிப் படை, சர்ரே அணிக்காக விக்கெட் காப்பாளர் என்று மகனின் வாழ்வு வளர்ந்தது. 1926இல் கடனில் தத்தளித்த பென்ட்லி கார் நிறுவனத்துக்குப் பணம் கொடுத்து அதன் தலைவரும் ஆனார்.

இனி லெ மான்ஸ் பந்தயத்துக்கு வருவோம். பிரான்சு நாட்டில் நடக்கும் இப்பந்தயம் 24 மணி நேரம் ஓடுவது. அக்காலத்தில் ஒரு காருக்கு இரண்டே ஓட்டுநர்கள்; இரவெல்லாம் மாறி மாறி ஓட்ட வேண்டும். பர்னாட்டோ அங்கே மூன்று முறை கலந்துகொண்டார். மூன்று முறையும் வென்றார். 1928இல் பெர்னார்ட் ரூபினோடு, 1929இல் டிம் பெர்கினோடு, 1930இல் கிளென் கிட்ஸ்டனோடு. இவற்றுள் முதல் வெற்றியைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். பந்தயம் முடியும் தறுவாயில் காரின் அடிச்சட்டம் விரிசல் விட்டது. ரேடியேட்டர் நீர் ஒழுகியது. பின்னாலேயே அமெரிக்கரின் ஸ்டட்ஸ் கார் துரத்தி வந்தது. வேகமாக ஓட்டினால் வண்டி உடையும். மெதுவாக ஓட்டினால் வெற்றி பறிபோகும். நோயாளியைத் தாங்கி நடத்துவது போல அந்தக் காரைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். எந்தப் பணம் இந்தப் பொறுமையை விலைக்கு வாங்கித் தரும்?

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நிறுவனமே அவர் பணத்தில் நின்றது. ஆயினும் பந்தயக் களத்தில் பொறியாளர் டபிள்யூ. ஓ. பென்ட்லி இட்ட கட்டளைக்குச் சாதாரண ஓட்டுநரைப் போலவே கட்டுப்பட்டார். தம் ஓட்டுநர்களுள் தலைசிறந்தவர் அவரே என்று பென்ட்லி பின்னாளில் மதிப்பிட்டதற்கு இதுவும் ஒரு காரணம். முதலாளி அடங்கி நடப்பது அபூர்வமான காட்சி அல்லவா?

1930 மார்ச்சில் பிரான்சின் புகழ்பெற்ற நீல ரயிலோடு பந்தயம் கட்டி, ரயில் கலே துறைமுகத்தை அடையுமுன் தாம் கான் நகரிலிருந்து லண்டனுக்கே போய்ச் சேர்ந்த கதையைப் பலரும் வியந்து எழுதுகிறார்கள். எனக்கு அதில் வியப்பில்லை. ஊரார் நடக்கும் சாலை பந்தயக் களமன்று. (படங்களில் காட்டப்படும் அந்த அழகிய தாழ்கூரைக் கார், பந்தயம் முடிந்த பிறகே செய்து முடிக்கப்பட்டது, அவர் போனது வேறொரு பென்ட்லியில்!)

இதையெல்லாம் சொன்னபோது விடுதி நண்பர் ஒருவர் கேட்டார்: "தோற்றாலும் அவருக்கு என்னப்பா நட்டம்?" கேள்வி நியாயமானது. 1931இல் உலகப் பொருளாதார மந்தத்தில் பென்ட்லி நிறுவனம் மூழ்கியபோது, மேலும் பணம் போட பர்னாட்டோ மறுத்துவிட்டார். ரோல்ஸ் ராய்ஸ் சுமார் 1,25,000 பவுனுக்கு அதை வாங்கியது. தம் பெயர் தாங்கிய நிறுவனத்திலேயே டபிள்யூ. ஓ. பென்ட்லி பிறருக்கு ஊழியரானார். பர்னாட்டோவோ சில ஆண்டுகளில் புதிய பென்ட்லி நிறுவனத்தின் இயக்குநர் குழுவில் வந்து அமர்ந்தார். அடிமட்டப் பள்ளத்தில் தொடர்ந்து பணத்தைக் கொட்ட வேண்டும் என்று யாரும் சட்டம் பேச முடியாதுதான். ஆனால் பொழுதுபோக்காக வந்தவனுக்கு வெளியேறக் கதவு திறந்திருக்கிறது. பிழைப்பாக வந்தவனுக்கு அது இல்லை. என் நண்பரின் கேள்விக்கு இந்த இடத்தில் என்னிடம் மறுப்பில்லை.

அவருக்கு வந்த பணம் கிடைத்த இடத்தையும் மறைக்கலாகாது. கிம்பர்லியில் ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள் ஒப்பந்தக் காலம் முழுவதும் மதில் சூழ்ந்த முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். வைரத்தை விழுங்கியிருப்பார்களோ என்று சோதித்த பிறகே வெளியே விடப்பட்டார்கள். லெ மான்ஸ் வரலாற்றை எழுதுவோர் பர்னாட்டோவைப் பற்றி "வைர வாரிசு" என்று ஒரே சொல்லில் கடந்துபோகிறார்கள். அந்த ஒரு சொல்லுக்கு ஒரு பத்தியாவது விரிவுரை எழுதியிருக்கலாம்.

இரண்டாம் உலகப் போரில் அவர் விமானப் படை அதிகாரியாகி, விமானத் தொழிற்சாலைகளைக் குண்டுவீச்சிலிருந்து காக்கும் பணியில் இருந்தார். 1948இல் தம் 52ஆம் வயதில் காலமானார். மகள் டயானா போர்க்காலத்தில் போர் விமானங்களைத் தொழிற்சாலைகளிலிருந்து படைத்தளங்களுக்கு ஓட்டிச் சென்றவர். 1963இல் ஒலியின் வேகத்தைக் கடந்த முதல் பிரிட்டிஷ் பெண்மணியும் அவரே.