கன்னம் வீங்கினால் எல்லாம் கூகைக்கட்டு இல்லை



ஒரு பிள்ளையின் கன்னம் வீங்கினால் எங்கள் பக்கம் பெயருக்குப் பஞ்சமில்லை. டவுனில் கூகைக்கட்டு, சிங்களத்தில் கம்முல்காய, தோட்டத்தில் பொன்னுக்கு வீங்கி. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசி, கழுத்தில் தங்கச் சங்கிலி போடுவார்கள். போடட்டும், சங்கிலியால் கெடுதல் இல்லை. அதோடு வைத்தியம் முடிந்தது என்று இருந்துவிடுவதுதான் எங்களுக்குச் சரியாகப் படவில்லை.

கூகைக்கட்டு வைரஸால் வருவது. காதுக்கு முன்னும் கீழும் உள்ள உமிழ்நீர்ச் சுரப்பியை அது வீங்க வைக்கிறது. வீக்கம் தெரிய இரண்டு நாள் முன்பே பரவத் தொடங்கி, வீங்கிய பின் 5 நாள் வரை பரவும். என்டிபயோட்டிக் கேட்காது. பெரும்பாலும் தானாக ஆறிவிடும். ஆனால் வளர்ந்த பையன்களுக்கு விதை வீங்கலாம், அபூர்வமாக ஒரு காது கேளாமலும் போகலாம். கடும் தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

புலமைப்பரிசில் வகுப்பு தவறக்கூடாது என்று மூன்றாம் நாளே துண்டைக் கட்டி அனுப்புகிறார்கள். முழு வரவுக்குப் பரிசு கொடுக்கும்வரை அனுப்பத்தான் செய்வார்கள். அந்தப் பரிசை நிறுத்திவிடலாம் என்பது எங்கள் கருத்து.

நம் நாட்டில் 2011 முதல் எம்எம்ஆர் ஊசி இலவசம். இப்போது 9 மாதத்திலும் 3 வயதிலும் போடுகிறார்கள். இந்தியாவின் அரச ஊசித் திட்டத்தில் கூகைக்கட்டு சேரவில்லை. 2024 தொடக்கத்தில் கேரளாவிலும் தமிழ்நாட்டிலும் அது நன்றாகப் பரவியது. கையில் இருப்பதை நாம் விடக்கூடாது. கிளினிக் கார்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.

இனிப் பெரியவர்கள். சாப்பிட உட்கார்ந்ததும், அதுவும் அச்சாறு, மாங்காய் என்று புளிப்பாக வாயில் வைத்ததும், தாடைக்குக் கீழே வீங்கி வலித்து ஒன்றிரண்டு மணித்தியாலத்தில் வடிந்தால் அது கூகைக்கட்டு இல்லை. உமிழ்நீர்க் குழாயில் கல் அடைத்திருக்கலாம். உடம்பில் தண்ணீர் குறைந்தால் உமிழ்நீர் கெட்டியாகும். கொழுந்து மலையில் கக்கூஸ் இல்லாததால் காலை முதல் தண்ணீரே குடிக்காமல் இருக்கும் அக்காமாருக்கு 'தண்ணீர் குடியுங்கள்' என்று புத்தி சொல்வது சுலபம். முதலில் மலையில் கக்கூஸ் வேண்டும்.

வலியே இல்லாமல் மெதுவாக வளரும் கட்டிக்குத்தான் நாங்கள் அதிகம் பயப்படுகிறோம். கூடவே முகம் ஒரு பக்கம் கோணினால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். வெற்றிலை, புகையிலை போடுபவருக்கு அது வாய்ப்புற்றிலிருந்து இறங்கிய நெறிக்கட்டாகவும் இருக்கலாம். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுதான். மூன்று வாரம் போயும் கட்டி கரையாவிட்டால் பதுளை ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்.

பசறை, நமுனுகுல பக்கமிருந்து வந்து போனால் அன்றைய பேர் போய்விடும், தெரியும். அதனால்தான் பலர் வருவதில்லை. கிளினிக் சிட்டையைக் காட்டுபவருக்கு அரைப்பேராவது போட வேண்டும் என்று தொழிற்சங்கங்கள் தோட்டத் துரைமாரிடம் கேட்கட்டும். சம்பளப் பேச்சில் இதையும் ஒரு வரியாகச் சேர்க்க முடியாதா?