வெந்நீரில் போகாத கறை

மட்டாஞ்சேரியில் மிளகு மணக்கும் தெருக்களைத் தாண்டி ஃபோர்ட் கொச்சிப் பக்கம் நடந்தால் வெளி என்ற பகுதியில் தோபி கானா வருகிறது. டச்சுக்காரர்கள் தங்கள் சிப்பாய்களின் உடுப்பை வெளுக்க அழைத்து வந்த தமிழர்களின் வாரிசுகள் நாங்கள் என்று அங்கே வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். நிர்வாகம் தமிழ் வண்ணார் சங்கத்தின் கையில். வரிசையாகத் துவைக்கும் தொட்டிகள். பின்னால் திறந்த வெளியில் கொடிகள். கொடியில் கிளிப் கிடையாது. முறுக்கிக் கட்டிய கயிற்றின் புரிகளுக்கு நடுவே துணியின் ஓரத்தைச் செருகிவிடுகிறார்கள். எந்தக் காற்றுக்கும் அது விழுவதில்லை.

நான் போனது அந்தக் கயிறுகளைப் பற்றி எழுத. ஆனால் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்த ஒரு பாட்டி, நான் பத்திரிகைக்காரன், அதிலும் எம்.ஏ. படித்தவன் என்று தெரிந்ததும் பேத்தியைக் கூப்பிட்டுவிட்டார். "சார்கிட்ட கேளு. எல்லாம் தெரிஞ்சவங்க."

பேத்தி நீட் எழுதியிருக்கிறாள். சீட் கிடைக்கிற மதிப்பெண் இல்லை. இன்னொரு வருடம் கோச்சிங் போக வீட்டில் பணம் இல்லை. நர்சிங் போகச் சொல்கிறார் மாமா. ஒரு கல்லூரியின் விளம்பரத் தாளில் 'உயிர்வேதியியலும் மூலக்கூறு உயிரியலும்' என்று பட்டப்படிப்பு இருக்கிறது. 'மருத்துவத்துக்கு அடுத்த படி' என்று அதன் கீழே தடித்த எழுத்து. "சேரலாமா சார்? சேர்ந்தா என்னவா ஆகலாம்?"

நான் படித்தது தமிழ். இந்த விஷயத்தில் எனக்கு இருக்கும் ஒரே தகுதி, சில ஆண்டுகள் அறிவியல் செய்திகளை மொழிபெயர்த்தது. அந்தத் தகுதியும் எப்படிப்பட்டது என்றால், 'ஜீன் எக்ஸ்பிரஷன்' என்பதை ஒருமுறை 'மரபணுவின் முகபாவம்' என்று எழுதி, அது அச்சிலும் வந்தது. எந்த வாசகரும் கடிதம் போடவில்லை என்பதுதான் இன்னும் உறுத்துகிறது.

எனவே பதில் சொல்லாமல் பாட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன். ஆஸ்பத்திரித் துணி வருமா? முன்பெல்லாம் வரும். ரத்தக் கறையை எப்படி எடுப்பீர்கள்? "பச்சைத் தண்ணியில ஊற வைக்கணும். தப்பித் தவறி வெந்நீர்ல போட்டா போச்சு. ஜென்மத்துக்கும் போகாது." ஏன்? "அது அப்படித்தான்."

அந்தப் படிப்பு தொடங்குவதே இந்த இடத்தில்தான். ரத்தத்தின் சிவப்பு ஹீமோகுளோபின் என்ற புரதம். புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த நீளமான சங்கிலி, ஒரு குறிப்பிட்ட விதத்தில் மடிந்து கிடக்கிறது. குளிர்ந்த நீரில் மடிப்புக் கலையாமல் கரைந்து போகும். சூடு பட்டால் மடிப்பு அவிழ்ந்து, சங்கிலிகள் ஒன்றோடொன்று சிக்கி, வெந்த முட்டை மாதிரி கெட்டிப்பட்டு நூலிழையில் ஒட்டிக்கொள்ளும். வெந்த முட்டையை யாராலும் பச்சை முட்டையாக்க முடியாது.

பாட்டியின் பக்கத்தில் ஒரு சோப்புத்தூள் பாக்கெட் இருந்தது. இன்றைய சோப்புத்தூள்கள் பலவற்றில் நொதிகள் கலந்திருக்கின்றன. புரதத்தை அறுக்க ஒன்று, மாவுப்பொருளை அறுக்க ஒன்று, கொழுப்புக்கு ஒன்று. ஜெர்மனியில் ஓட்டோ ரோம் என்ற வேதியியலாளர் விலங்குகளின் கணையத்திலிருந்து எடுத்த நொதியைத் துணி வெளுக்கப் பயன்படுத்தலாம் என்று கண்டது முதல் உலகப்போருக்குச் சற்று முன்பு. இப்போது பாக்டீரியாக்களிடமிருந்து எடுக்கிறார்கள். நொதியும் ஒரு புரதம் என்பதால் கொதிக்கும் நீரில் அதுவே செத்துவிடும். பட்டுக்கும் கம்பளிக்கும் இதைப் போடாதீர்கள் என்று சில பாக்கெட்டுகளின் பின்னால் எழுதியிருப்பதற்கும் இதே காரணம்தான். ரத்தமும் புரதம், பட்டும் புரதம். எது கறை, எது சேலை என்று நொதிக்குத் தெரியாது.

பேத்தி பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தாள். பத்தாம் வகுப்பு வரை மலையாள மீடியம். 'ராஸாக்னி' என்றாள். நொதிக்கு மலையாளப் பாடப்புத்தகம் வைத்திருக்கும் பெயர் அது. வேதி நெருப்பு. புரதத்துக்கு 'மாம்ஸ்யம்' என்பார்கள், மாவுப்பொருளுக்கு 'தான்யகம்'. நம் 'நொதி' நொதித்தலிலிருந்து வந்தது. வில்ஹெல்ம் கூனே 1870களில் 'என்சைம்' என்ற சொல்லைப் படைத்தபோது கிரேக்கத்தில் அவர் எடுத்துக்கொண்ட பொருளும் புளித்த மாவுதான். மொழிபெயர்ப்பு என்ற வகையில் தமிழுக்கு முழு மதிப்பெண். ஆனால் உடம்புச் சூட்டிலேயே நடக்கும் ஓர் எரிப்பை நெருப்பு என்று சொன்ன மலையாளத்தானின் துணிச்சலைப் பார்த்துக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது.

இனி மடிப்புக்கு வருவோம். ஒரு வேட்டியை எப்படி வேண்டுமானாலும் மடிக்கலாம். புரதத்தை அப்படி மடிக்க முடியாது. சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் இரண்டு இடங்களில் சுழலும். எந்தக் கோணத்துக்கு வேண்டுமானாலும் சுழல முடியுமா என்றால், முடியாது. சில கோணங்களில் அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று இடித்துக்கொள்ளும். எந்தக் கோணங்கள் சாத்தியம், எவை அசாத்தியம் என்று கணக்கிட்டு ஒரே சதுரத்தில் வரைந்து காட்டியவர் ஜி.என். ராமச்சந்திரன். உடன் உழைத்தவர்கள் சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன். கட்டுரை வெளிவந்தது 1963இல், வேலை நடந்தது சென்னைப் பல்கலைக்கழகத்தில். உலகத்தில் எங்கே உயிர்வேதியியல் படித்தாலும் 'ராமச்சந்திரன் வரைபடம்' இல்லாமல் புத்தகம் இல்லை. புரதத்தின் வடிவத்தைக் கம்ப்யூட்டரே கணித்துச் சொல்லும் காலம் வந்து, அதற்காக 2024இல் டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் ஆகியோருக்கு வேதியியல் நோபல் கொடுத்தாயிற்று. இன்றும் ஒரு வடிவம் உருப்படியானதா என்று சோதிக்க அந்தச் சதுரத்தைத்தான் எடுக்கிறார்கள். 2001இல் மறைந்த ராமச்சந்திரனுக்கு நோபல் கிடைக்கவில்லை.

அவர் பிறந்தது எங்கே? 1922இல், எர்ணாகுளத்தில். மட்டாஞ்சேரியிலிருந்து பார்த்தால் காயலுக்கு அக்கரை. தமிழ்க் குடும்பம். அப்பா மகாராஜா கல்லூரியில் கணிதப் பேராசிரியர். பேத்திக்கு இது தெரியவில்லை. விளம்பரத் தாள் அச்சடித்த கல்லூரிக்கும் தெரிந்திருக்காது, தெரிந்திருந்தால் அந்தப் பெயரைத்தான் தடித்த எழுத்தில் போட்டிருப்பார்கள்.

அதற்கும் முன்னால், 1954இல், ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் கொலாஜனின் அமைப்பைச் சொன்னார்கள். தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றையும் கட்டி நிறுத்தும் புரதம் அது. ஆய்வுக்கு அவர்கள் பயன்படுத்தியது கங்காரு வாலின் தசைநாண், சென்னைத் தோல் ஆராய்ச்சி நிலையத்தின் வழியாகக் கிடைத்தது. விடை: மூன்று சங்கிலிகள் முறுக்கிக் கிடக்கின்றன. தோபி கானா கயிற்றைப் பார்த்தவருக்கு வேறு விளக்கம் வேண்டாம். ஒவ்வொரு சங்கிலியிலும் மூன்றுக்கு ஒன்று கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம். கயிற்றின் நடுவில் வேறெதற்கும் இடம் போதாது.

இதையெல்லாம் நான் அந்தப் பெண்ணிடம் சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. ராமச்சந்திரன் படித்தது இயற்பியல். திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் பட்டம், பெங்களூரில் சி.வி. ராமனிடம் ஆராய்ச்சி. மூலக்கூறு உயிரியல் என்பதே பாதிக்குப் பாதி இயற்பியல்காரர்கள் வளர்த்த பிள்ளை. நம் ஊர்களில் இந்தப் பட்டப்படிப்பில் சேர்பவர்களோ பெரும்பாலும் நீட்டில் தவறியவர்கள், கணக்கைக் கண்டு ஓடி வந்தவர்கள். முதல் ஆண்டிலேயே வெப்ப இயக்கவியலும் அமில காரச் சமன்பாடுகளும் வரும்போது ஏமாந்துவிட்டதாக நினைக்கிறார்கள். ஏமாற்றியது பாடம் அல்ல, 'மருத்துவத்துக்கு அடுத்த படி' என்ற வரி. அது மருத்துவ மாடிக்குப் போகும் படியே அல்ல. வேறு வீடு.

"கணக்கு பிடிக்குமா?" என்று கேட்டேன். "பிளஸ் டூவுல கெமிஸ்ட்ரிக் கணக்குதான் சார் பிடிச்சது. பயாலஜிதான் மனப்பாடம்." எனக்குப் பாதி நம்பிக்கை வந்தது.

மீதிப் பாதி காசு விஷயம். அதை மாமாவிடம் மறைக்க நான் யார்? வெறும் பி.எஸ்சி. உயிர்வேதியியலை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியன் ஆகலாம் என்று பலர் நம்புகிறார்கள். அந்த வேலைக்கு மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம் என்ற தனிப் படிப்பு இருக்கிறது. ஆசிரியர் வேலையோ அரசு வேலையோ என்றால் வேதியியல் பட்டத்துக்கு இது இணையா என்பதைச் சேருவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். கொச்சியைச் சுற்றிக் கம்பெனிகள் இல்லாமல் இல்லை. கோலஞ்சேரியில் மசாலாச் சாறு எடுக்கும் சிந்தைட், எலும்பிலிருந்து ஜெலட்டின் எடுக்கும் நிட்டா ஜெலட்டின், ரத்தப் பரிசோதனைக்கான ரசாயனங்கள் செய்யும் அகாப்பே என்று பெரிய பெயர்களே உண்டு. பட்டதாரிக்கு அங்கே கிடைக்கக்கூடியது தரக்கட்டுப்பாட்டு வேலை. ஜெலட்டின் என்பதும் வேகவைத்த கொலாஜன்தான் என்பது இங்கே ஓர் உபரித் தகவல்.

ஆராய்ச்சி என்றால் எம்.எஸ்சி. வேண்டும். கேரளத்தில் 2024 முதல் நான்காண்டு பட்டப்படிப்பு வந்திருக்கிறது. மூன்றாண்டில் பட்டத்தோடு வெளியேறலாம், நான்காம் ஆண்டும் படித்து 75 சதவீதம் எடுத்தால் நேரே பிஎச்.டி.க்கு முயலலாம். தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். தகுதியோடு ஜெயித்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை, 2023 ஜனவரியிலிருந்து இந்தத் தொகை. மாதாமாதம் ஒழுங்காக வருவதில்லை என்பது ஆராய்ச்சி மாணவர்களின் நெடுநாள் புகார். ஆக, எல்லாம் கூடி வந்தாலும் இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது வரை வீட்டுக்கு ஒரு ரூபாய் வராது. நர்சிங் அப்படியல்ல. மாமா சொல்வது முட்டாள்தனம் இல்லை. அவருக்கும் இதைச் சொன்னேன். அவர் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது, டீ வாங்கி வரச் சொன்னார்.

"கல்லூரியில என்ன பார்க்கணும் சார்?" என்றாள் பெண். இதற்கு மட்டும் என்னிடம் ஒரு பதில் இருந்தது. நம் தெருமுனை லேபில் சர்க்கரை பார்க்கும்போது நம் ரத்தத்தோடு குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற நொதியைச் சேர்க்கிறார்கள். கூடவே இன்னொரு நொதியும் ஒரு சாயப் பொருளும். இளஞ்சிவப்பு நிறம் வரும். சர்க்கரை எவ்வளவோ அவ்வளவு அடர்த்தி. அந்த அடர்த்தியை ஒளி பாய்ச்சி அளக்கும் கருவி இல்லாமல் உயிர்வேதியியல் இல்லை. கல்லூரிக்குப் போனால் கட்டடத்தைப் பார்க்காதே, ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் எங்கே, வாரத்தில் எத்தனை மணி நேரம் மாணவர்கள் அதைத் தொடுகிறார்கள் என்று கேள் என்றேன். பாட்டி அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்து, பாதியில் விட்டுவிட்டார்.

பிறகு போனில் சொன்னாள். விளம்பரத் தாள் கல்லூரியில் அந்தக் கருவி உறைக்குள் இருந்ததாம், இன்ஸ்பெக்ஷனுக்கு மட்டும் எடுப்பார்களாம். இன்னொரு கல்லூரியில் பழைய கருவி ஒன்றுதான். அதன் முன்னால் பதினோரு பேர் சோதனைக் குழாயோடு வரிசையில் நின்றார்களாம். இரண்டாவதில் சேர்ந்திருக்கிறாள். துணைப்பாடமாக வேதியியல். காலையில் இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும்.

"பாட்டி என்ன சொல்றாங்க?"

"வெந்நீர் விஷயம் எந்த செமஸ்டர்ல வரும்னு கேக்கறாங்க சார்."