மகன் எழுதினான், படித்தவர் யார்?

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், புதுவையின் எல்லையை ஒட்டி இருக்கிறது குயிலாப்பாளையம். செம்மண் நிலமும் முந்திரித் தோப்பும் உள்ள ஊர். கிழக்கே சிறிது தூரம் நடந்தால் கடல். இன்று அங்கிருந்து புதுவைக்குச் செல்பவர் எல்லையைக் கடந்தோம் என்று எண்ணுவதே இல்லை. ஆனால் 1947 வரையில் அந்த எல்லை இரண்டு வல்லரசுகளைப் பிரித்த கோடு. அதன் பின்னும், 1954 நவம்பர் 1ஆம் நாள் வரையில், இரண்டு ஆட்சிகளைப் பிரித்த கோடு. இப்பால் ஒரு கொடி, ஓர் அஞ்சல் தலை. அப்பால் வேறு கொடி, வேறு அஞ்சல் தலை. பேசிய மொழி ஒன்றே. கொண்டும் கொடுத்தும் வளர்ந்த உறவும் ஒன்றே. பெற்றவளிடம் பிள்ளையைப் பட்டாளத்திற்குக் கேட்ட குரல்கள் மட்டும் இரண்டாக இருந்தன.

அப்பால் ஒலித்த குரல் சட்டத்தின் குரல். 1881ஆம் ஆண்டு ஆணையின்படி தம் சாதி, சமய வழக்குகளைத் துறந்து பிரஞ்சு உரிமைச் சட்டத்தை ஏற்றோர், குடிமக்கள் என்ற தகுதியைப் பெற்றனர். தகுதியோடு கடமையும் வந்தது. படைச் சேவை அக்கடமைகளுள் ஒன்று. முதல் உலகப் போரில் பிரான்சுக்காக உயிர் ஈந்த பிரஞ்சிந்திய வீரர்களுக்கு 1938இல் திறந்துவைக்கப்பட்ட நினைவுச் சின்னம் இன்றும் புதுவைக் கடற்கரைச் சாலையில் நிற்கிறது. பிரஞ்சுப் படையில் இருந்து திரும்பியவரைப் புதுவை மக்கள் ‘சொல்தா’ என்றே அழைத்தனர்.

இப்பால் ஒலித்த குரல் நயமாகப் பேசியது. “கட்டாயம் எதுவும் இல்லை; விரும்பியவர் வரலாம்” என்றது. இரண்டாம் உலகப் போரில் அவ்வாறு ‘விரும்பி’ வந்தோர் இருபத்தைந்து இலட்சம் பேர் என்று ஆங்கில அரசு பெருமை பேசிற்று. நாம் கேட்கிறோம்: அரைவயிற்றுக் கஞ்சிக்கும் வழியற்ற குடியானவனின் மகன், மாதம் தவறாமல் மணியார்டர் வரும் என்பதற்காகப் பட்டாளத்தில் சேர்ந்தானே, அது விருப்பமா? சட்டம் பிடித்து இழுப்பது ஒருவகைக் கட்டாயம் என்றால், வறுமை பிடித்துத் தள்ளுவது மற்றொரு வகைக் கட்டாயம் அன்றோ?

எந்தக் குரல் அழைத்துச் சென்றதாயினும், போனவனுக்கும் வீட்டுக்கும் இடையே எஞ்சியது ஒரு துண்டுக் காகிதம். அக்காகிதம் இரண்டு தணிக்கைகளைத் தாண்டி வர வேண்டியிருந்தது.

முதல் தணிக்கை அரசின் தணிக்கை. 1914இல் இந்தியப் படைகள் பிரான்சின் போர்முனையை அடைந்த சில மாதங்களுக்குள், அவர்கள் எழுதிய கடிதங்களைப் படித்துப் பார்ப்பதற்கென்றே அங்கே ஓர் அலுவலகம் இயங்கிற்று. படையின் இருப்பிடம் பகைவனுக்குத் தெரியக் கூடாது என்பதை நாமும் மறுக்கவில்லை. ஆனால் அந்த அலுவலகம் தேடியது இருப்பிடத்தை மட்டுமா? சிப்பாயின் மனம் எப்படி இருக்கிறது, சோர்ந்திருக்கிறானா, வெறுக்கிறானா என்பதையும் அறிக்கையாக எழுதி மேலிடத்திற்கு அனுப்பிற்று. தாயிடம் சொல்லிக்கொண்ட துயரம் அரசாங்கத்தின் கோப்பில் ஏறியது.

இரண்டாவது தணிக்கையைப் பற்றி எவரும் எழுதுவதில்லை. அது நம் ஊருக்குள்ளேயே இருந்தது. 1951ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்தியப் பெண்களில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஒன்பது பேர்கூட இல்லை. அப்படியாயின், மகனின் கடிதத்தைக் கையில் வாங்கிய தாய் என்ன செய்வாள்? தபால்காரரைக் கெஞ்சுவாள், வாத்தியார் வீட்டுத் திண்ணையில் காத்து நிற்பாள், மணியக்காரர் மனம் வைக்கும் வரையில் முந்தானையில் முடிந்து வைத்திருப்பாள். அயலான் ஒருவன் உரக்கப் படிக்க, அக்கம்பக்கத்தார் சூழ்ந்து கேட்க, நடுவில் அவள் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். இது மகனுக்கும் தெரியும். ஆகவே அவன் எதை எழுதுவான்? வீட்டுக் கடனை எழுதுவானா? மனைவியிடம் சொல்ல வேண்டியதை எழுதுவானா? அச்சமாயிருக்கிறது என்று எழுதுவானா? “நான் நலம், உங்கள் நலத்திற்குக் கடிதம் போடவும்” என்பதோடு முடித்துக்கொள்வான். அதிகாரியின் மை வெட்டியதைக் காட்டிலும், கல்லாமை அவன் கைக்குள்ளேயே வெட்டிய சொற்கள் மிகுதி.

இதிலே இன்னுமொரு வேதனை. அன்றைய தணிக்கை அதிகாரிகள் தம் அறிக்கைகளைச் சேமித்தார்கள்; அவை இலண்டனில் பிரித்தானிய நூலகத்தில் இன்றும் உள்ளன. அச்சிப்பாய்களின் குரல் பெரும்பாலும் ஆங்கில மொழிபெயர்ப்பாகவே அங்கே எஞ்சியிருக்கிறது. ஒற்றறிந்தவன் காத்து வைத்தான்; உரிமை உடைய நாமோ, தகரப் பெட்டியிலே கரையானுக்கு விட்டுவிட்டோம்!

பழங்கதை என்று சிலர் கூறுவர். அன்று. 1962 ஆகஸ்டு 16இல் புதுவை சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது, பிரஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்புவோர்க்கு ஆறு மாத காலம் தவணை தரப்பட்டது. அதைத் தெரிந்தெடுத்த குடும்பங்களின் பிள்ளைகளைக் கட்டாயச் சேவைச் சட்டம் பின்தொடர்ந்தது. 1970இல் பன்னிரண்டு மாதம் என்றும், 1992இல் பத்து மாதம் என்றும் குறைந்த அச்சேவையை, 1997ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான் பிரான்சு நிறுத்திற்று. இந்தியாவில் சட்டக் கட்டாயம் என்றுமே இல்லை. ஆயினும் 2022இல் வந்த ‘அக்னிபத்’ திட்டத்தைப் பாருங்கள். நான்காண்டு சேவை, நால்வரில் ஒருவருக்கே நீடிப்பு, ஏனையோர்க்கு ஓய்வூதியம் இல்லை. வேலையின்மை தள்ளுகிறது, இளைஞன் செல்கிறான். அன்றைய மணியார்டரின் கதை வேறு உடையில் வந்து நிற்கிறது.

பனிமலைக் காவலில் இருப்பவனின் தாய் இன்று கைப்பேசியில் அவன் முகத்தைக் காண்கிறாள். இந்த முன்னேற்றத்தை வரவேற்கிறோம். ஆனால் கருவி வந்ததனாலே கடமை தீர்ந்துவிடவில்லை. ஆகவே நாம் கேட்பவை மூன்று.

ஒன்று, பிள்ளையைக் கேட்கும் அரசு, அவனைப் பற்றிய செய்தியை, அது நற்செய்தியாயினும் துயரச் செய்தியாயினும், பெற்றவளின் தாய்மொழியிலேயே தர வேண்டும். தமிழ்த் தாய்க்கு விளங்காத மொழியில் வரும் ஓலை, வராத ஓலைக்குச் சமம்.

இரண்டு, பெண் கல்வியை ஏதோ தருமம் போலப் பேசுவதை விட்டொழிக்க வேண்டும். தன் மகனின் எழுத்தைத் தானே தனியாகப் படிக்கும் உரிமை ஒவ்வொரு தாய்க்கும் உண்டு. சிற்றூர்ப் பள்ளியின் ஒவ்வொரு வகுப்பறையும் அந்த இரண்டாவது தணிக்கையை உடைக்கும் சம்மட்டி.

மூன்று, தமிழக அரசும் புதுவை அரசும் கூடி, எல்லையின் இருபுறத்துச் சிற்றூர்களிலும் எஞ்சியுள்ள படைவீரர் கடிதங்களை, வீட்டார் இசைவு பெற்று, படியெடுத்துக் காக்க வேண்டும்.

கடற்கரையில் கல் நாட்டிப் போரில் மாண்டவனுக்கு மாலை சூட்டுகிறோம், அது முறைதான். உயிரோடிருந்த நாளில் அவன் தன் தாய்க்கு என்ன சொன்னான் என்பதையும் காப்பதல்லவா மாலையினும் பெரிய மரியாதை? கரையான் தவணை கொடுப்பதில்லை. அரசுகள் விரையட்டும்!