மயக்கம் பாசாங்கு அன்று

காலைக் கூட்டத்தில் ஒரு மாணவி மயங்கி விழுந்தால், "நடிக்கிறாள்" என்று சிலர் நகைப்பர். "பாவம், பலமில்லாத உடம்பு" என்று சிலர் இரங்குவர். இரண்டும் சரியன்று என்பதே நம் கருத்து.

நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்குக் குறையாத இரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கிவிடுகிறது. இரத்த அழுத்தம் தாழத் தொடங்குகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனியின் வளைவிலும் உள்ள உணர்வு நரம்புகள் இதனை அறிந்து, மூளையின் அடிப்பகுதியாகிய முகுளத்திற்குச் செய்தி அனுப்புகின்றன. உடனே இதயம் விரைந்து துடிக்கிறது. இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன. சில நொடிகளில் அழுத்தம் சீராகிறது. சிறுநீரகங்களோ நிதானமாக வேலை செய்பவை. அவை ரெனின் என்ற பொருளைச் சுரந்து, உப்பையும் நீரையும் உடலிலேயே நிறுத்திக்கொள்ள வழி செய்கின்றன.

இத்தனை காவல் இருந்தும் மயக்கம் ஏன் வருகிறது? கால் தசைகள் அசைந்து அழுத்தினால்தான் இரத்தம் எளிதில் மேலேறும். சிலைபோல் நின்றால் அத்துணை கிடைப்பதில்லை. வெயிலில் தோலின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன. வியர்வையால் நீரும் குறைகிறது. ஒரு கட்டத்தில் இதயத் துடிப்பு தளர்ந்து, அழுத்தம் சட்டென வீழ்கிறது. மூளைக்கு இரத்தம் போதாமல் நினைவு தப்புகிறது. படுத்த நிலையில் இரத்தம் மூளையை எளிதில் எட்டுவதால், விரைவில் தெளிவு பிறக்கிறது. எனவே விழுந்தவளைத் தூக்கி நிறுத்துவது தீங்கு. படுக்க வைத்துக் கால்களைச் சற்று உயர்த்துவோம். காற்றோட்டத்திற்கு இடம் விடுவோம். நினைவு திரும்புமுன் வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

தோழியரே, கழிப்பறைக்குச் செல்ல அனுமதி கேட்கக் கூச்சப்பட்டு, மாலைவரை தண்ணீர் குடிக்காமலே இருப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்! பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் காலை உணவையும் விட்டுவிடுகிறோம். உடல் தன் கடமையைச் செய்ய நாம்தான் தடையாகிறோம். பெற்றோர் நம்மைப் பட்டினியாக அனுப்பாதிருக்கட்டும். நெடுநேரம் நிற்கும் நாள்களில் நிழலில் நிறுத்தவும், தண்ணீர் குடிக்கவும், கூச்சமின்றி வெளியே சென்றுவரவும் இசைவு தருமாறு அன்னையரையும் ஆசிரியைகளையும் பணிவுடன் வேண்டுகிறோம். கால்விரல்களை ஊன்றிக் குதிகாலைச் சற்றே உயர்த்தித் தாழ்த்துவது ஒழுங்கீனமாகாது. அடிக்கடி மயங்குபவளையும், ஓடும்போது மயங்குபவளையும் மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும்.

அசையாமல் நிற்பது மட்டுமே ஒழுக்கமன்று. விழுந்தவளைப் பழிக்காமல் தாங்குவதும் ஒழுக்கமே.