உறுப்பினர் யாருக்கு உரியவர்?

குன்றத்தூர் சேக்கிழார் பிறந்த ஊர். இன்று ஒரகடத்துத் தொழிற்சாலைகளுக்கு நாள்தோறும் சென்று மீளும் உழைப்பாளர் பலர் வாழும் ஊருமாகும். தேர்தல் நாளில் அவ்வூர் வாக்காளர் பொத்தானை அழுத்தும்போது, வேட்பாளரின் பெயரும் கட்சியின் சின்னமும் அருகருகே தோன்றுகின்றன. அவர் தேர்ந்தெடுப்பது ஆளையா, கட்சியையா? ஆங்கிலம் வழங்கும் இரு பெருநாடுகள் இவ்வினாவிற்கு இருவேறு விடை தருகின்றன.

பிரிட்டனில் கட்சியின் பிடி வலிது. மன்றத்தில் கொறடாவின் ஆணைவழி வாக்களித்தலே அங்கு மரபு. வேட்டை நாய்கள் கூட்டம் பிரியாமல் காக்கும் பணியாளனுக்கு வழங்கிய ஆங்கிலப் பெயரே, பின்னர் கொறடாவுக்கு ஆகிவந்தது என்பர். ஆயினும் அப்பிடிக்கு ஓர் எல்லை உண்டு. 2019 செப்டம்பரில், ஐரோப்பிய ஒன்றியத்தினின்று விலகுவது பற்றிய வாக்கெடுப்பில், கன்சர்வேடிவ் கட்சியினர் 21 பேர் தம் தலைமையமைச்சர் போரிஸ் ஜான்சனை எதிர்த்து வாக்களித்தனர். சர்ச்சிலின் பெயரரும் அவர்களுள் ஒருவர். கட்சிக் குழுவினின்று அவர்கள் விலக்கப்பட்டனர். மன்றத்து இருக்கையையோ இழக்கவில்லை.

அமெரிக்காவில் கட்சியின் பிடி இன்னும் தளர்ந்தது. வேட்பாளர் யாரென்பதையே பெரும்பாலும் முதனிலைத் தேர்தலில் வாக்காளர்கள் முடிவு செய்கின்றனர். 2017இல், மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை நீக்கத் தம் குடியரசுக் கட்சி கொணர்ந்த முன்வரைவை எதிர்த்து வாக்களித்தார் செனட்டர் ஜான் மெக்கெயின். 49க்கு 51 என்ற கணக்கில் அது தோற்றது. மெக்கெயின் இறுதிவரை அக்கட்சியிலேயே இருந்தார். இம்முறையிலும் குறையில்லாமல் இல்லை. வேட்பாளர் தாமே பெரும்பொருள் திரட்ட வேண்டியிருப்பதால், பொருள் தருவோரின் குரல் அங்கு ஓங்கி ஒலிக்கிறது.

இந்தியா பிரிட்டனின் மன்றமுறையை ஏற்றது. கொறடாவின் கையிலோ பிரிட்டனில் இல்லாத படைக்கலத்தைத் தந்தது. அதற்குக் காரணமும் இருந்தது. 1967இல் அரியானாவில் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் இரு வாரங்களுக்குள் மும்முறை கட்சி மாறினார்! இத்தகைய இழிவைத் தடுக்கவே 1985இல் அரசியலமைப்பில் பத்தாம் அட்டவணை சேர்க்கப்பட்டது. அதன்படி, கட்சியைத் தாமே துறந்தவரும், கொறடாவின் ஆணையை மீறி வாக்களித்தவரும் பதவியையே இழக்க நேரும்.

இதன் விளைவைக் குன்றத்தூர் மக்கள் அண்மையிலேயே கண்டனர். முதலமைச்சர் மீது நம்பிக்கை இல்லையென ஆளுநரிடம் மடல் அளித்த ஆளுங்கட்சி உறுப்பினர் 18 பேர், 2017 செப்டம்பரில் தகுதிநீக்கம் செய்யப்பட்டனர். குன்றத்தூருக்கு வடக்கே சிறு தொலைவிலுள்ள பூந்தமல்லித் தொகுதியும் அப்பதினெட்டனுள் ஒன்று. வழக்கு நீண்டது, 2018 அக்டோபரில் சென்னை உயர்நீதிமன்றம் தகுதிநீக்கம் செல்லுமென்றது. இடைத்தேர்தல் நடந்ததோ 2019 ஏப்ரலில். ஒன்றரை ஆண்டுக்கு மேலாகப் பூந்தமல்லி மக்களின் குறையைச் சட்டமன்றத்தில் எடுத்துரைக்க அவர்களுக்கென ஓர் உறுப்பினர் இல்லை. தவறியவர் உறுப்பினரே என்று கொண்டாலும், தண்டம் இறுத்தவர்கள் வாக்காளர்கள் அல்லரோ?

ஆட்சியைக் கவிழ்க்க முனைவோர் மீண்டும் மக்கள் தீர்ப்பை நாடுதல் முறையே. அத்தீர்ப்பு விரைந்து கிடைத்தல் வேண்டும். ஆனால் ஏரியைப் பற்றியோ நிலம் எடுப்பதைப் பற்றியோ ஒரு சட்டம் வரும்போது, தம் தொகுதிக்கு அது தீங்கென அறிந்தும் ஓர் உறுப்பினர் பதவிக்கு அஞ்சிக் கைதூக்குவது சிறிதும் பொருந்தாது. கொறடாவை மீறியமைக்காகப் பதவி பறித்தலை நம்பிக்கை வாக்கெடுப்பு போன்றவற்றோடு நிறுத்திக்கொள்ளலாமென 1990இலேயே தினேஷ் கோசுவாமி குழு பரிந்துரைத்தது. அப்பரிந்துரை இன்னும் சட்டமாகவில்லை.