அயல்நாட்டு யாத்திரையின் முதல் நாள்

கடல் கடந்து செல்லுதல் என்றவுடன் நம்மவர் உள்ளத்தில் முதற்கண் தோன்றுவது பொருளீட்டலே. நெய்வேலி நகரியத்தின் எவ்வட்டத்திற் சென்று வினவினும், வளைகுடா நாடுகளிலோ சிங்கப்பூரிலோ தொழில் புரியும் மகனைப் பற்றியும் மருமகனைப் பற்றியும் கேட்பது அரிதன்று. அது குறையன்று, குடும்பங்கள் பல அதனால் தழைத்துள்ளன. ஆயினும், தொழிலின்பொருட்டு அயல்நாடு செல்லுமுன், யாதொரு காரியமுமின்றி, முதுகில் ஒரு பையும் பக்கத்தில் ஒரு நண்பனுமாக ஒருமுறை சென்று மீளுதல் இளைஞர்க்கு இன்றியமையாத கல்வி என்பது எம் கருத்து. அக்கல்வியின் பயன் பெரும்பாலும் முதல் நாளிலேயே அறுதியாகிவிடுகின்றது என்பதையும் ஈண்டுக் காட்ட விரும்புகின்றோம்.

“இஃது செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கன்றோ?” என்று சிலர் வினவலாம். அயல்நாடு எனில் ஐரோப்பாவும் அமெரிக்காவுமே என்று கொள்வதால் எழும் ஐயம் இது. நெய்வேலியில் விடியுமுன் பேருந்து ஏறுவோர் வடலூர், சிதம்பரம், சீர்காழி, காரைக்கால் வழியாக நாகப்பட்டினத்தை அடையலாம். அங்கிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்கு 2023-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் தொடங்கப்பெற்ற பயணிகள் கப்பல், சின்னாளில் நின்று, 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு 16-ஆம் நாள் மீண்டும் புறப்பட்டது. பருவமழைக் காலத்தில் கடல் சீறும்போது நிறுத்தப்படுவதும் உண்டு. ஏறத்தாழ 110 கிலோமீட்டர் கடல். நான்கு மணி நேர அளவு. கடவுச்சீட்டும் நுழைவு அனுமதியும் வேண்டும். கைக்கடிகாரத்தைத் திருத்த வேண்டுவதில்லை. 2006 முதல் இரு நாட்டிலும் நேரம் ஒன்றே.

இனிப் பையைப் பற்றி ஒரு சொல். இளைப்பாறாது ஒரு மைல் தூரம் தோளிற் சுமக்கக் கூடியதே பையின் அளவு. பெரும் பெட்டியோடு செல்பவன் வண்டிக்காரனுக்கும் விடுதிக்காரனுக்கும் அடிமை. சிறு பையோடு செல்பவன் தன் கால்களுக்குத் தானே தலைவன். நண்பனோ பையினும் முக்கியமானவன். அவன் நம் கூற்றுக்கெல்லாம் தலையசைப்பவனாய் இருத்தல் ஆகாது. நாம் காணாததைக் காண்பவனாகவும், நாம் அவசரமாய்த் தீர்ப்புக் கூறும்போது “பொறு” என்று தடுப்பவனாகவும் இருத்தல் வேண்டும். தனியே செல்பவனுக்குத் தன் கண்ணே சாட்சி. இருவராய்ச் செல்வோர்க்குச் சாட்சிகள் இருவர்.

முதல் நாளை எவ்வாறு கழித்தல் வேண்டும் என்பதற்கு நாகைக்குச் செல்லும் அந்த வழிக்கருகிலேயே ஓர் உதாரணம் உள்ளது. 1706-ஆம் ஆண்டு ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடிக் கரையில் இறங்கிய சீகன்பால்குவும் புளுட்சாவும் இரு இளம் நண்பர்களே. அவர்களுடைய முதல் நாள் இன்பமாய் அமையவில்லை. டேனியக் கோட்டையின் தலைவர் அவர்களை முகமலர்ந்து ஏற்கவில்லை. தங்குமிடம் இன்னதென்று அறியாது வீதியில் நிற்கும்படி நேர்ந்தது. எனினும் அவ்விருவரும் மனக்கசப்போடு கப்பலேறித் திரும்பினாரல்லர். சீகன்பால்கு சிறுவரோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் தமிழெழுத்துக்களை எழுதிக் கற்றார். 1715-இல் புதிய ஏற்பாடு முழுதும் தமிழில் அச்சேறியதற்கு அந்த மணலே அடிப்படை. அயல்நாட்டிற் கால் வைப்பவன் முதல் நாளில் விருந்தினனாக அன்று, மாணாக்கனாக இருத்தல் வேண்டும் என்பதே இதனால் நாம் பெறும் பாடம்.

ஆனால் இந்நாளில் நடப்பது யாது? இறங்கியவுடன் நல்லூர்க் கந்தசுவாமி கோயில், 1981-இல் தீக்கிரையாகி மீண்டும் எழுந்த யாழ்ப்பாண நூல்நிலையம், கோட்டை என்று பட்டியலிட்டு, மாலைக்குள் அனைத்தின் முன்னும் நின்று படம் பிடித்து, அன்றிரவே நண்பர்க்கெல்லாம் அனுப்பிவிடுகின்றனர். இவை காணத்தக்கவையே. ஆயினும் முதல் நாளில் வேண்டுவது காட்சியன்று, பழக்கம். காங்கேசன்துறையிலேயே சிறிது நேரம் நடக்கலாம். 1990 முதல் நின்றிருந்து 2015-இல் அத்துறை வரை மீண்ட இரயிலில் ஏறி, எதிரிலிருப்பவர் பேச்சுக்குச் செவி கொடுக்கலாம். அங்கே பேசுதல் ‘கதைத்த’லாகும், புறப்படுதல் ‘வெளிக்கிடுத’லாகும், ரொட்டி ‘பாண்’ ஆகும். நம் மொழியே நமக்குப் புதிதாய் ஒலிக்கும் அந்த ஒரு நாள், பத்து நாள் காட்சிகளுக்கு நிகரானது.

நெய்வேலியிலிருந்து செல்லும் இளைஞர்க்கு அங்கே பிறிதொரு பாடமும் உண்டு. காங்கேசன்துறையைச் சூழ்ந்த வலிகாமம் வடக்குப் பகுதி மக்கள் 1990-இல் போரினால் ஊரை விட்டு வெளியேறினர். அவர்தம் நிலங்கள் இராணுவத்தின் வசமாயின. 2009-இல் போர் முடிந்தபின் அவை சிறிது சிறிதாக விடுவிக்கப்பட்டன. ஒரு பகுதி இன்றும் உரியவரிடம் சேரவில்லை. சுண்ணாம்புக்கல் அகழ்ந்து இயங்கிய அவ்வூர்ச் சிமெண்டு ஆலையும் போர்க்காலத்தில் ஓய்ந்தது.

இவற்றைக் காணும் நெய்வேலி இளைஞன் தன் ஊரை நினையாதிருத்தல் கூடுமோ? 1957-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் ஜவாஹர்லால் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1961-இல் நிலக்கரி கண்ணுக்குப் புலனாயிற்று. ஜெர்மானிய இயந்திரங்கள் மண்ணை அகழ்ந்தன. சோவியத்து நாட்டின் உதவியால் அனல்மின் நிலையம் எழுந்தது. நாம் அயல்நாடு செல்லுமுன் அயல்நாடு நம் ஊருக்கு வந்தது. நாம் வாழும் நிழல் நிறைந்த வீதிகளின்பொருட்டும், நாடு பெறும் மின்சாரத்தின்பொருட்டும், கிராமங்கள் பல இடம் பெயர்ந்தன. சுரங்க விரிவுக்கு நிலம் ஈந்தோரின் குறை இன்றும் முற்றும் தீர்ந்தபாடில்லை. அங்கே காரணம் போர், இங்கே தொழில், இரண்டும் ஒன்றல்ல. ஆனால் ஊரையிழந்த முதியவர் ஒருவர் தம் பழைய வீடிருந்த திசையைக் கைகாட்டும்போது, கேட்பவர் உள்ளம் அறிவது ஒன்றே. நகரியத்தில் வளர்ந்தும் அயற்கிராமத்தாரின் துயரைக் கேளாதவன், கடல் கடந்து சென்றேனும் கேட்கக் கற்பானாயின், அவன் செலவிட்ட பணம் வீண்போகவில்லை.

கல்வியாலும் அந்நாடு நமக்கு அந்நியமன்று. 1823-இல் அமெரிக்க மிஷன் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரியில் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் விசுவநாதபிள்ளையுமே சென்னைச் சர்வகலாசாலையின் முதற் பட்டதாரிகள். பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்து நமக்களித்த தாமோதரம்பிள்ளை கடல் கடந்து வந்து நம் நாட்டில் உழைத்தவர். அவர் வந்த திசை நோக்கி நாம் ஒருமுறை சென்று வருதல் நன்றிக்கடனுமாகும்.

ஆகவே மாணவ நண்பர்காள்! தேர்வு முடிந்த விடுமுறையில் நல்ல நண்பன் ஒருவனைத் தேர்ந்துகொள்ளுங்கள். மாணவியரும் தக்க தோழியரோடு அவ்வாறே செய்க. பெற்றோர்க்குச் சொல்லி இசைவு பெறுங்கள். பையின் கனத்தைக் குறையுங்கள். முதல் நாளில் எதையும் கண்டு முடிக்க விரையாதீர்கள். அந்நாளின் இரவில், “இன்று எத்தனை இடம் பார்த்தோம்?” என்று எண்ணுவதை விடுத்து, “இன்று எவரிடம் எதைக் கற்றோம்?” என்று ஒருவரையொருவர் வினவுங்கள். அதற்கு இருவரும் விடை கூற இயலுமாயின், எஞ்சிய நாட்கள் தாமே நன்றாய் அமையும்.