குடியிருப்பவனின் லீஸ் பணத்தில் நமக்குச் சொந்த வீடா?

ஜோகுபாளையத்தில் இன்று எந்தத் தெருமுனையில் நின்றாலும் இதே பேச்சுத்தான். "இருபதுக்கு முப்பது சைட்டில் மூன்று போர்ஷன் வீடு விலைக்கு வருகிறது. கீழே நீங்கள் இருங்கள். மேலே இரண்டையும் விட்டுவிடுங்கள். வீடு தன் கடனைத் தானே கட்டிக்கொள்ளும். நாளைக்கே இன்னொரு பார்ட்டி ரொக்கத்தோடு வருகிறது, இன்று மாலைக்குள் அட்வான்ஸ் கொடுத்தால்தான் உண்டு" என்கிறார் தரகர். கேட்கிற நம் குடும்பங்களுக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

அடித்துக்கொள்ளாமல் என்ன செய்யும்? 1809-ல் கன்டோன்மென்ட் அமைந்த காலத்திலிருந்து பட்டாளத்தின் பின்னால் வந்தவர்கள், கல் உடைக்கவும் கட்டடம் கட்டவும் வந்தவர்கள் நம் முன்னோர். இந்த நகரத்தின் சுவர்களை எழுப்பியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் பதினொரு மாத ஒப்பந்தத்தில் குடியிருக்கிறார்கள். 1991 டிசம்பரில் காவிரியின் பெயரால் நடந்த கலவரத்தில் மூட்டை முடிச்சோடு ஓடியவர்களை நாம் மறக்கவில்லை. 2013 ஜனவரியில் ஈஜிபுராவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்களின் குடியிருப்பு இடித்துத் தள்ளப்பட்டதையும் மறக்கவில்லை. நம் பெயரில் ஒரு பத்திரம் வேண்டும் என்று நம் தாய்மார்கள் ஆசைப்படுவது பேராசையல்ல. கீழே குடியிருந்துகொண்டு மேலே வாடகைக்கு விட்டு, அந்த வாடகையைக் கடனுக்குக் கட்டுவதையும் நாம் குறை சொல்லவில்லை. உழைப்பாளி குடும்பம் இந்த ஊரில் வீடு வாங்க அதைவிட நல்ல வழி நமக்குத் தெரியவில்லை.

நாம் எதிர்ப்பது வேறொன்றை. அதைச் சொல்வதற்கு முன் கணக்கைப் பார்க்க வேண்டும்.

வீட்டின் விலை ஒரு கோடி என்று வைத்துக்கொள்வோம். ரிசர்வ் வங்கியின் விதிப்படி இந்த விலைக்கு வங்கி தரக்கூடியது அதிகபட்சம் 75 லட்சம். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் 7 லட்சத்தைத் தாண்டும். 2025 ஆகஸ்டு இறுதியில் கர்நாடக அரசு பதிவுக் கட்டணத்தை 1 விழுக்காட்டிலிருந்து 2 ஆக்கிவிட்டதையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு. ஆக, கையில் 32 லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும். 75 லட்சக் கடனுக்கு எட்டரை விழுக்காடு வட்டியில் இருபது ஆண்டுக்கு மாதத் தவணை ஏறக்குறைய 65 ஆயிரம். மேலே இரண்டு போர்ஷனும் ஆளுக்கு 15 ஆயிரம் கொடுத்தால் வருவது 30 ஆயிரம். மீதி 35 ஆயிரம் யார் தலையில்? வீடு தன்னைத் தானே கட்டிக்கொள்ளும் என்ற பேச்சு இங்கேயே உடைந்துபோகிறது. குடித்தனக்காரர் காலி செய்து இரண்டு மாதம் வீடு பூட்டிக் கிடந்தால் என்ன ஆகும் என்பதைத் தரகர் சொல்வதில்லை.

ரயில்வேயில் வேலை செய்யும் எங்களைப் போன்றவர்களுக்கு வீடு கட்ட முன்பணம் என்று ஒன்று உண்டு. சம்பளச் சீட்டைக் காட்டினால் வங்கி மேலாளர் நாற்காலி போடச் சொல்வார். பெயின்ட் அடிப்பவருக்கும், நான்கு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அம்மாவுக்கும் யார் நாற்காலி போடுகிறார்கள்? அந்த 32 லட்சத்துக்கு அவர்கள் எங்கே போவார்கள்?

இந்த இடத்தில்தான் தரகர் தன் மந்திரத்தை ஓதுகிறார். "மேலே இரண்டையும் லீஸுக்கு விடுங்கள். ஆளுக்கு 12 லட்சம். 24 லட்சம் கைக்கு வந்துவிடும்!"

லீஸ் என்பது நமக்குப் புதிதல்ல. ஊரில் ஒத்தி, போக்கியம் என்போம். மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு இரண்டு மூன்று ஆண்டு வாடகையில்லாமல் இருந்து, காலி செய்யும்போது தொகையைத் திரும்ப வாங்கிக்கொள்வது. ஆனால் அந்த 12 லட்சம் யாருடையது? தர்மபுரியிலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ வந்த நம்மைப் போன்ற ஒரு குடும்பத்தின் பத்தாண்டுச் சீட்டுப் பணம், அடகு வைத்த நகை, விற்ற கால் காணி நிலம். அதை வாங்கி வங்கியில் கட்டிவிட்டால் மேல் போர்ஷன்களிலிருந்து வாடகை ஒரு காசு வராது. 65 ஆயிரமும் சொந்தச் சம்பளத்திலிருந்தே போக வேண்டும். மூன்றாம் ஆண்டு 24 லட்சத்தைத் திருப்பிக் கொடுக்க எங்கே போவது? இன்னொரு குடும்பத்தைப் பிடித்து அவர்கள் பணத்தை வாங்கி முதல் குடும்பத்துக்குக் கொடுப்பது. புதிய குடும்பம் கிடைக்கும்வரை சக்கரம் ஓடும். கிடைக்காத மாதத்தில் நின்றுவிடும்.

நின்றால் என்ன நடக்கும்? தவணை 90 நாள் தவறினால் கடன் வாராக்கடன் ஆகிவிடுகிறது. 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி வங்கி 60 நாள் நோட்டீஸ் கொடுத்து, கோர்ட்டில் வழக்குப் போடாமலே வீட்டைக் கைப்பற்றி ஏலம் விடலாம். ஏலப் பணம் முதலில் வங்கிக்கு. மேலே குடியிருப்பவரின் கையில் இருப்பது நோட்டரி முத்திரை குத்திய ஒப்பந்தத் தாள். நூறு ரூபாய்க்கு மேற்பட்ட போக்கியத்தைப் பதிவு செய்தாக வேண்டும் என்று 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் சொல்கிறது. அதே சட்டத்தின் 65-ஏ பிரிவு, பத்திரத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் ஒழிய, அடமானத்தில் இருக்கும் வீட்டை மொத்தத் தொகை வாங்கிக்கொண்டு குத்தகைக்கு விடுவதற்கு இடம் தரவில்லை. பதிவு செய்யாத ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு ஓராண்டுக்கு மேல் குடியிருக்கும் உரிமை கோர முடியாது என்று இந்தச் சர்ஃபேசி வழக்கு ஒன்றிலேயே 2019-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பிறகு அந்தக் குடும்பம் தன் 12 லட்சத்துக்காக சிவில் கோர்ட் படியேற வேண்டியதுதான்.

"எல்லாரும் இப்படித்தானே வாங்குகிறார்கள்" என்று நம் சங்கத்து நண்பர்களே வாதாடுகிறார்கள். நம்மிடம் ஏமாற்றும் எண்ணம் இல்லை என்கிறார்கள். எண்ணம் இல்லைதான். ஆனால் வாங்குபவன் வேலை இழந்தால் அவனோடு மேலே இருக்கும் இரண்டு குடும்பமும் தெருவுக்கு வருகின்றன. நஷ்டத்தில் மூவருக்கும் பங்கு, பத்திரத்தில் ஒருவர் பெயர் மட்டும். வெளியூர் முதலாளி செய்தால் சுரண்டல் என்று மேடையில் முழங்குகிறோம். நம் தெருக்காரர் செய்தால் சாமர்த்தியம் என்கிறோமே, இது என்ன நியாயம்?

போட்டியைக் காட்டிப் பயமுறுத்துவது தரகரின் தொழில். ஒரு பக்கம் அல்சூர், மறுபக்கம் இந்திரா நகர், 2011 முதல் பக்கத்திலேயே மெட்ரோ. ரொக்கத்தோடு வருபவனுக்கு இது முதலீடு. அவனோடு நம் நகையை வைத்து ஏலம் கேட்டு ஜெயிக்க முடியாது. வாடகை வருமானமும் சம்பளமும் சேர்ந்து தவணையைத் தாங்காத வீட்டை விட்டுவிட வேண்டும், அது ஜோகுபாளையத்திலேயே இருந்தாலும் சரி. அண்ணன் தம்பி இருவர், அல்லது சம்பந்தி வீட்டார் சேர்ந்து, இரு வீட்டுப் பெண்களின் பெயரையும் பத்திரத்தில் எழுதி ஆளுக்கொரு போர்ஷன் வாங்கலாம். மூன்றாவதை மாத வாடகைக்கு விடலாம். அப்போது முன்பணத்தின் சுமை இரண்டாகப் பிரிகிறது, யாருடைய சேமிப்பும் பணயமாவதில்லை.

பவர் பத்திரத்தை நம்பி வாங்காதீர்கள். அதனால் சொத்துரிமை மாறாது என்று 2011-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024 அக்டோபரிலிருந்து இந்த நகரில் இ-கத்தா இல்லாமல் பத்திரப் பதிவும் இல்லை.

அரசிடமும் நமக்குக் கேள்வி உண்டு. கர்நாடக வாடகைச் சட்டம் மாதம் 3,500 ரூபாய்க்கு மேல் வாடகையுள்ள வீட்டைத் தொடுவதில்லை. இன்றைய பெங்களூரில் அந்த வாடகைக்குக் குளியலறை கிடைக்குமா? லீஸ் பத்திரத்தை ஏழைகளும் பதிவு செய்யும் அளவுக்குக் கட்டணத்தைக் குறைக்க வேண்டும். கடன் கொடுக்கும் வங்கி, வீட்டில் யார் குடியிருக்கிறார், எவ்வளவு பணம் கொடுத்திருக்கிறார் என்று நேரில் விசாரித்து எழுதிக்கொள்ள வேண்டும். இந்த இரண்டையும் மனுவாக எழுதிக் கையெழுத்து வாங்கி வருகிறோம்.

லீஸுக்குப் பணம் கொடுக்கப் போகிறவர்கள் வில்லங்கச் சான்றை மட்டும் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். மூலப் பத்திரத்தைக் கண்ணால் காட்டச் சொல்லுங்கள். அது வங்கியில் இருந்தால் வீடு அடமானத்தில் இருக்கிறது என்று பொருள். எந்தத் தாளானாலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை காலையில் சங்கத்துக்கு எடுத்து வாருங்கள். வீடு வாங்கப் போகிறவர்களும் வரலாம், தரகரையும் கூட்டிக்கொண்டு வரலாம்.